கடவுச்சீட்டில் இல்லாத முகம்

நியூயோர்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்றொரு சிறு தீவு இருக்கிறது. 1892ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை ஐக்கிய அமெரிக்காவில் குடியேற வந்தவர்களைச் சோதித்து உள்ளே அனுப்பும் இடமாக அது இருந்தது. ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் பேர் அதன் வழியாகச் சென்றிருக்கிறார்கள். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் மூட்டை முடிச்சுகளோடு வரிசையில் நடந்து வர, மருத்துவர்கள் ஒவ்வொருவரையும் சில வினாடிகள் மாத்திரம் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் உடுப்பில் வெண்கட்டியால் ஓர் எழுத்தை எழுதிவிடுவார்கள். கண்நோய்க்கு ஓர் எழுத்து, இதய நோய்க்கு வேறோர் எழுத்து, நொண்டி நடந்தால் இன்னோர் எழுத்து. அந்த எழுத்தைச் சுமந்து நின்றவர்களில் பலருக்கு அதன் பொருள் தெரிந்திருக்காது.

அந்தத் தீவிலே அகஸ்டஸ் ஷேர்மன் என்ற எழுதுவினைஞர் ஒருவர் வேலை பார்த்தார். புகைப்படம் எடுப்பது அவரது தொழிலல்ல, பொழுதுபோக்கு. பயணச்சீட்டு வந்து சேராதவர்கள், கையில் பணம் போதாதவர்கள், உறவினர் வந்து அழைத்துச் செல்லும்வரை தனியே வெளியேற அனுமதிக்கப்படாத பெண்கள் என்று பலர் அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுள் சிலரை நிறுத்தி ஷேர்மன் படம் எடுத்தார். சுமார் 250 படங்கள் இன்று எஞ்சியிருக்கின்றன. பெட்டியைத் திறந்து, சொந்த நாட்டு உடுப்பை எடுத்து உடுத்திக்கொண்டு வரும்படி அவர்களிடம் கேட்பாராம்.

எமது சித்திர ரீச்சர் இந்தப் படங்களைத் தனது மடிக்கணினியில் காட்டியபோது வகுப்பில் எல்லோரும் உடுப்புகளைத்தான் பார்த்தோம். ஆட்டுத்தோல் அங்கி, பூவேலை செய்த சட்டை, தலையைச் சுற்றிக் கட்டிய துணி. எங்களைப் போலவே முக்காடிட்ட பெண்களும் இருந்தார்கள். எனக்கோ படங்களைவிட அவற்றின் கீழே எழுதியிருந்ததுதான் மனதில் நின்றது. ருமேனிய இடையர், அல்ஜீரிய மனிதர், குவாதலூப் பெண்கள். பெரும்பாலான படங்களில் ஆளின் பெயர் இல்லை. வந்தவர் ஒவ்வொருவரின் பெயரும் பதிவேட்டில் சரிபார்க்கப்பட்டது அதே கட்டடத்தில்தான். படம் எடுத்தவரும் அந்தப் பதிவுகளோடு வேலை செய்தவர்தான். அப்படியிருந்தும் பெயர் பதிவேட்டில் தங்கிவிட, முகம் மட்டும் படத்தில் வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போகிறவரின் முகத்தை யார் பார்க்கிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி அன்றுதான் எனக்குள் வந்தது. அது எங்கள் வீட்டுக் கேள்வியும்கூட.

எங்கள் வீட்டுச் சுவர்களில் முகங்கள் இல்லை. முன் மண்டபத்தில் கஃபாவின் படம் ஒன்றும் ஆயத்துல் குர்ஸி எழுதிய சட்டகம் ஒன்றும் தொங்குகின்றன. தொழுகிற வீட்டில் உருவப்படம் மாட்டக்கூடாது என்பது உம்மம்மாவின் கண்டிப்பு. உம்மா, வாப்பாவின் கலியாண அல்பம் 2004 டிசம்பரில் கடலோடு போயிற்று. வாப்பாவின் தொலைபேசியில் இருந்த படங்கள் தொலைபேசி பழுதானதோடு போயின. மிஞ்சியவை அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருக்கின்றன. அடையாள அட்டைப் பிரதிகள், கடவுச்சீட்டுப் பிரதிகள், வீசாவுக்காக எடுத்து மிஞ்சிய சிறிய படங்கள். ஒரு நாள் அவற்றைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது: எங்கள் குடும்பத்தில் யாருடைய முகமும் வேண்டுமென்று ஆசைப்பட்டு எடுத்ததாக எங்களிடம் இல்லை. எல்லாமே ஏதோவோர் அரசாங்கம் கேட்டதற்காக எடுத்தவை.

உம்மா குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறார். 2019இல் போனார். வாப்பாவின் முச்சக்கரவண்டிக்கு லீசிங் கட்ட முடியாமல், அதைத் தொடர்ந்து வட்டிக்கு வாங்கிய பணமும் சேர்ந்துகொண்ட காலம் அது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் அந்த வேலைக்குப் போக அப்போது அனுமதி இல்லை. குடும்பப் பின்னணி அறிக்கை என்றொரு படிவம் நிரப்ப வேண்டும். அதனால் தம்பிக்கு ஐந்து வயது முடியும்வரை உம்மா காத்திருந்தார். பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் அந்த ஒரு பிறந்தநாளை மட்டும் எல்லோரும் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தோம்.

தகரத்துக்குள் உம்மாவின் கடவுச்சீட்டுப் படம் ஒன்று இருக்கிறது. வெளிறிய நீலப் பின்னணி, கறுப்பு முக்காடு, நேரே பார்க்கும் கண்கள், மூடிய வாய். விமான நிலையத்தில் கூட்டுக்குள் இருக்கும் அதிகாரி அந்தப் படத்தையும் எதிரே நிற்கும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பார். இரண்டும் பொருந்துகிறதா என்பது மட்டுமே அவருக்குத் தேவை. பொருந்தினால் முத்திரை. அந்த வேலைக்கு அந்தப் படம் போதும். அதற்கு மேல் அந்தப் படத்திடம் எதையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் என் தம்பிக்கு உம்மாவின் முகத்தைக் காட்டுவதற்கு அது போதவில்லை.

இந்த எண்ணத்தோடு இருந்தபோதுதான் பிரிடா காலோவின் படம் ஒன்றை ரீச்சர் காட்டினார். மெக்சிக்கோ நாட்டு ஓவியரான பிரிடா 1932இல் அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் இருந்தார். அவருடைய கணவர் டியேகோ ரிவேரா, அந்நகரத்துக் கலைக்கூடத்தின் சுவர்களில் மோட்டார்த் தொழிற்சாலைகளைப் பற்றிய பெரிய ஓவியங்களை வரைய அழைக்கப்பட்டிருந்தார். கணவருக்கு ஒரு மண்டபத்தின் நான்கு சுவர்களும் கிடைத்தன. மனைவி ஓர் உலோகத் தகட்டில் வரைந்தார். அதன் உயரம் சுமார் 31 சென்ரிமீற்றர், அகலம் 35 சென்ரிமீற்றர். நாம் பாவிக்கும் அடிமட்டத்தைவிடச் சற்றே பெரியது. அந்த ஆண்டு யூலை மாதம் டெட்ரொயிட்டில் அவர் வயிற்றிலிருந்த பிள்ளையை இழந்தார். செப்டெம்பரில் மெக்சிக்கோவில் அவருடைய தாய் மரணித்தார்.

படத்தின் நடுவிலே, இரண்டு நாடுகளின் எல்லைக்கோட்டில், ஒரு பீடத்தின் மேல் பிரிடா நிற்கிறார். இளஞ்சிவப்பு நிற நீண்ட உடுப்பு, கைகளில் நீண்ட கையுறை. ஒரு கையில் சிகரெட், மற்றக் கையில் மெக்சிக்கோவின் சிறிய கொடி. ஒரு பக்கம் மெக்சிக்கோ: இடிந்த பழங்கோயில், சூரியன், சந்திரன், ஒரு மண்டையோடு, வேரோடு தெரியும் பூச்செடிகள். மறுபக்கம் அமெரிக்கா: வானுயர்ந்த கட்டடங்கள், போர்ட் என்ற பெயரின் நான்கு எழுத்துகளையும் ஆளுக்கொன்றாகத் தாங்கிய நான்கு புகைபோக்கிகள், அவற்றின் புகைக்குள் மிதக்கும் அமெரிக்கக் கொடி. நிலத்தின் மேல் இயந்திரங்கள் நிற்கின்றன, அவற்றின் வயர்கள் நிலத்துக்கடியில் ஓடுகின்றன. ஒரு வயர் மெக்சிக்கோப் பக்கத்துச் செடியின் வேரோடு போய்ச் சேர்கிறது. இன்னொன்று பிரிடா நிற்கும் பீடத்திலேயே செருகப்பட்டிருக்கிறது.

வகுப்பில் சிலர் இதை மெக்சிக்கோ நல்லது, அமெரிக்கா கெட்டது என்று சொல்லும் படமாக விளங்கிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோயில் இடிந்துதான் கிடக்கிறது, மண்டையோடும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அமெரிக்கப் பக்கத்தில் புகை நிறைந்திருக்கிறது, ஆனால் மின்சாரம் அங்கிருந்துதான் வருகிறது. வேரும் வயரும் ஒன்றையொன்று தொடும் அந்த இடத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு மின்கட்டணமும் தம்பியின் ரியூஷன் காசும் என் வண்ணப் பெட்டியும் குவைத்திலிருந்துதான் வருகின்றன. அந்த வயர் நிலத்துக்கடியில் ஓடுவதால் எங்கள் ஊரில் யாருக்கும் தெரிவதில்லை. உம்மா ஊரில் இல்லாதது மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது.

இன்னொரு விடயத்தையும் கவனித்தேன். பீடத்தில் ஒரு வாசகம் எழுதப்பட்டிருக்கிறது. 1932இல் கார்மென் ரிவேரா தன்னுடைய உருவத்தை வரைந்ததாக அது சொல்கிறது. கார்மென் அவருடைய பெயர்களில் ஒன்று, ரிவேரா கணவரின் பெயர். உலகம் அறிந்த பிரிடா காலோ என்ற பெயர் அங்கே இல்லை. அமெரிக்காவில் அவரைப் பெரிய ஓவியரின் மனைவி என்றுதான் பலர் அறிந்திருந்தார்கள். அவர் அந்தப் பெயரையே எடுத்து, அதை வைத்துக்கொண்டே தன் முகத்தை வரைந்திருக்கிறார். எந்த உடுப்பில் நிற்பது, எந்தக் கொடியைப் பிடிப்பது, என்ன பெயர் போடுவது என்பவற்றையெல்லாம் அவரே தீர்மானித்தார். ஷேர்மனின் படங்களில் நின்றவர்களுக்கு இது கிடைக்கவில்லை.

புகைப்படங்களிலே உலகப் புகழ் பெற்ற ஒன்று, டொரோதியா லாங் 1936இல் கலிபோர்னியாவில் எடுத்த குடிபெயர்ந்த தாயின் படம். பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமிலே, கன்னத்தில் கை வைத்து எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் தாய். தோள்களில் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள், மடியில் ஒரு குழந்தை. அவர் வேறு நாட்டிலிருந்து வந்தவர் அல்லர். ஆனால் அந்த ஆண்டிலேயே லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸார் மாநிலத்தின் எல்லைக்கே போய் நின்று, பிழைப்புத் தேடி வந்த ஏழைகளைத் திருப்பி அனுப்பினார்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே ஏழைக்கு எல்லை இருந்தது. லாங் அந்தத் தாயின் பெயரைக் கேட்கவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற அவருடைய பெயரை உலகம் அறிந்தது 1978இல், படம் எடுத்து 42 ஆண்டுகளுக்குப் பிறகு. படம் நூல்களிலும் பத்திரிகைகளிலும் மீண்டும் மீண்டும் வந்தது. அவருக்கு அதனால் ஒரு சதமும் கிடைக்கவில்லை. அந்தப் படம் எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. லாங்கின் நோக்கம் நல்லதுதான். அந்த முகாமில் பசித்திருந்தவர்களுக்கு உணவு அனுப்பப்படுவதற்கு அவர் எடுத்த படங்கள் உதவின. இருந்தாலும் இரக்கத்தோடு பார்ப்பதும் பெயர் கேட்பதும் வேறு வேறு செயல்கள் என்று இந்தப் படத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

இந்தப் படத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு வண்ணத்தில் மறுபடி வரைந்தவர் ஹங் லியூ என்ற ஓவியர். 1948இல் சீனாவிலே பிறந்தவர். கலாசாரப் புரட்சிக் காலத்தில் நான்கு ஆண்டுகள் வயலில் வேலை செய்ய அனுப்பப்பட்டவர். 1984இல் ஓவியம் படிப்பதற்காக அமெரிக்காவுக்குப் போனார். பழைய புகைப்படங்களில் இருக்கும் பெயர் தெரியாத மனிதர்களைப் பெரிய திரைகளில் வரைவார். வரைந்து முடித்ததும் அதன் மேல் எண்ணெயை வழிய விடுவார். முகங்களின் மேல் வண்ணம் கோடு கோடாக ஒழுகி நிற்கும். மழை நாளில் பஸ் யன்னலூடாக வெளியே நிற்பவரைப் பார்ப்பது போலிருக்கும்.

அவருடைய படங்களுள் என்னால் மறக்க முடியாதது 1988இல் வரைந்த ஒன்று. அது ஓர் அடையாள அட்டை! வெளிநாட்டவர் அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்க வழங்கப்படும் அட்டையை 5 அடி உயரத்திலும் ஏழரை அடி அகலத்திலும் அப்படியே வரைந்திருக்கிறார். வெளிநாட்டவரைக் குறிக்க அந்நாட்டுச் சட்டம் பாவித்த சொல் ஏலியன். வேற்றுக்கிரகத்திலிருந்து வருபவர்களுக்குப் படங்களில் நாம் கேட்கும் அதே சொல். அட்டையில் அவருடைய முகம் இருக்கிறது. ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் குக்கி, போர்ச்சூன் என்று எழுதியிருக்கிறார். போர்ச்சூன் குக்கி என்பது அமெரிக்காவிலுள்ள சீன உணவகங்களில் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கும் ஒரு பிஸ்கட். சீனாவில் அப்படியொரு வழக்கமே இல்லை. சீனப் பெண் என்றதும் அங்குள்ளவர்களுக்கு எது நினைவுக்கு வருமோ அதையே தன் பெயராக எழுதிவிட்டார். பிறந்த ஆண்டாக 1984ஐப் போட்டார். அது அவர் அந்நாட்டில் காலடி வைத்த ஆண்டு. அதற்கு முந்திய 36 ஆண்டுகள் அந்த அட்டைக்குத் தேவைப்படவில்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு உம்மாவின் நினைவு வந்தது. குவைத்தில் அந்த வீட்டார் உம்மாவை மரியம் என்று அழைக்கிறார்கள். உம்மாவின் பெயர் மரியம் அல்ல. அவருக்கு முன்னே அந்த வீட்டில் வேலை செய்தவரின் பெயர் அது. பிள்ளைகளுக்கு வாயில் பழகிவிட்டதாம். வீட்டுக்காரப் பெண்ணை உம்மா மாமா என்று அழைக்க வேண்டும். அரபுப் பிள்ளைகள் தாயை அழைக்கும் சொல் அது. "மாமா ஏசினா" என்று உம்மா தொலைபேசியில் சொன்னபோது, அங்கே எங்களுக்கு ஒரு மாமா இருப்பதாகத் தம்பி நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தான். உம்மாவின் கடவுச்சீட்டு உம்மாவிடம் இல்லை, வீட்டுக்காரரின் அலுமாரியில் இருக்கிறது. பெயர் ஓரிடத்தில், படம் ஓரிடத்தில், ஆள் ஓரிடத்தில். எல்லிஸ் தீவின் காலம் முடிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

எல்லைகளைப் பற்றிய படங்களெல்லாம் துயரமானவை என்று தோழியர் நினைக்க வேண்டாம். 2017இல் ஜேஆர் என்ற பிரெஞ்சுக் கலைஞர் மெக்சிக்கோவின் தெகாத்தே நகரிலே, அமெரிக்க எல்லை வேலிக்குப் பக்கத்தில், ஒரு வயதுக் குழந்தையின் புகைப்படத்தைச் சாரம் கட்டி நிறுத்தினார். ஏறத்தாழ 20 மீற்றர் உயரம். வேலியோரத்து வீடொன்றில் வசித்த கிகித்தோ என்ற குழந்தை அது. அமெரிக்கப் பக்கத்திலிருந்து பார்த்தால், தொட்டிலின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்ப்பதுபோல அந்தப் பிள்ளை வேலியைப் பிடித்து எட்டிப் பார்க்கும். கடைசி நாளில் வேலியின் இரு பக்கத்திலும் ஒரே மேசைபோல மேசைகளைப் போட்டு இரு நாட்டு மக்களும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். மேசை விரிப்பில் இரண்டு கண்களின் பெரிய படம். ஒரு கண் ஒரு நாட்டிலும் மற்றக் கண் மறு நாட்டிலும் கிடந்தன. சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கேயே வளர்ந்தும் உரிய பத்திரம் இல்லாமல் வாழும் ஒருவரின் கண்கள் அவை.

இதைக் கேட்டபோது எனக்குப் பெரிய வியப்பு ஏற்படவில்லை. பெருநாள் தினத்தில் நாங்கள் சஹனைச் சுற்றி உட்காரும்போது தம்பி தொலைபேசியைத் தண்ணீர்க் கோப்பையில் சாய்த்து வைப்பான். குவைத்தில் உம்மா சமையலறையில் நின்றுகொண்டே ஒரு பிடி சாப்பிடுவார். "இறைச்சி எனக்கும் வை" என்பார். தம்பி ஒரு துண்டை எடுத்துத் தொலைபேசிக்கு முன்னால் வைப்பான். எங்கள் ஊரிலே இப்படி எத்தனை வீடுகள்! எங்கள் வகுப்பிலேயே என்னைத் தவிர மூவரின் உம்மாமார் வெளிநாட்டில் இருக்கிறார்கள். நாங்கள் இதைக் கலை என்று ஒருபோதும் நினைத்ததில்லை.

உம்மாவை வரைய வேண்டும் என்று தீர்மானித்தபோது முதலில் கடவுச்சீட்டுப் படத்தைத்தான் பார்த்து வரைந்தேன். உருவம் வரைவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அதைத் தீர்ப்பது இந்தக் கட்டுரையின் வேலையல்ல, என் வயதுக்குரிய வேலையுமல்ல. நான் பயந்தது உம்மம்மாவுக்குத்தான். அவர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. ஏசப் போகிறார் என்று பென்சிலைக் கீழே வைத்தேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இது அண்டைக்கு எடுத்த படம்தானே மகள்?" என்றார். "அண்டைக்கு விடிய இருந்து உங்கட உம்மா ஒண்டும் தின்னல்ல. ஸ்டூடியோவுக்கு நான்தான் கூட்டிப் போன. சிரிக்கக் கூடாதெண்டு அவன் சொன்னான். அவளுக்கு அதைச் சொல்லத் தேவையே இரிக்கல்ல."

பிறகு, "இது சரியாத்தான் இரிக்கி. ஆனா இது என்ட மகள் இல்ல" என்று சொல்லிவிட்டு அஸர் தொழப் போனார்.

உம்மம்மா வரையக் கூடாது என்று சொல்லவில்லை. வரைந்தது போதாது என்றுதான் சொன்னார் என எடுத்துக்கொண்டேன். உம்மாவிடமே கேட்டேன். இருபது நிமிடம் அசையாமல் இருக்க முடியுமா என்று. "எனக்கு இருபது நிமிசம் இருக்கிறதுக்கு ஆரு விடுற?" என்று சிரித்தார். இரவு வேலை முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார்.

ஒரு வியாழன் இரவு அழைப்பு வந்தது. குவைத்தில் பத்தரை மணி, எங்களுக்கு நடுச்சாமம் தாண்டி ஒரு மணி. உம்மா வேலைக்குப் போடும் சாம்பல் நிறச் சீருடையோடு இருந்தார். நான் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்ததும், "கொஞ்சம் இரி மகள்" என்று தொலைபேசியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். கட்டிலுக்கு மேலேயிருந்த முகடு மட்டும் தெரிந்தது. பெட்டியின் சிப் இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது பச்சைச் சாரி உடுத்து, அதே முந்தானையால் முக்காடிட்டிருந்தார். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது பெருநாளுக்கு எடுத்த சாரி அது. அதை அவர் குவைத்துக்குக் கொண்டுபோனதே எனக்குத் தெரியாது. போய் இத்தனை ஆண்டுகளில் அங்கே ஒரு நாளும் உடுத்தவில்லையாம். "ஒண்டு கிடக்கட்டும் எண்டுதான் வெச்ச" என்றார்.

எல்லிஸ் தீவில் பெட்டியைத் திறந்தவர்களை அப்போது நினைத்துக்கொண்டேன். அவர்கள் ஷேர்மன் கேட்டதற்காக உடுத்தினார்கள் என்று மட்டும் இதுவரை எண்ணியிருந்தேன். கூண்டுபோன்ற ஓரிடத்தில் நாட்கணக்கில் இருந்துவிட்டு, தன் ஊர் உடுப்பைக் கையில் எடுத்த அந்தக் கணத்தில் அவர்களுக்காகவும் உடுத்தியிருப்பார்கள். பெயர் எழுதாத அந்தப் படங்களிலும் பலர் நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

உம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் நெற்றியிலிருந்து தொடங்கினேன். புருவத்தின் முடிவில் ஒரு சிறு வெட்டு இருக்கிறது. கடவுச்சீட்டுப் படத்தில் அது தெரியாது. கன்ன எலும்புகள் முன்பைவிட மேலே வந்திருந்தன. உம்மா கொஞ்ச நேரம் தம்பியைப் பற்றிக் கேட்டார், ஓடு மாற்றியதைப் பற்றிக் கேட்டார், பிறகு பேச்சு நின்றது. நான் தலையை நிமிர்த்திப் பார்த்தபோது உம்மா உறங்கிவிட்டிருந்தார். விடியக்காலை ஐந்து மணிக்கு எழுந்தவர். எழுப்ப மனம் வரவில்லை. அழைப்பையும் துண்டிக்கவில்லை. படம் இடையிடையே உறைந்து நின்றது, பிறகு அசைந்தது. சரிந்த தலை, இலேசாகத் திறந்த வாய், தோளிலிருந்து வழுகிய முந்தானை. யாருக்கும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லாத முகம். டேட்டா தீர்ந்து திரை கறுக்கும்வரை நாற்பது நிமிடம் வரைந்தேன்.

மறுநாள் அதை அனுப்பினேன். உம்மா குரல் பதிவொன்றில் பதில் சொன்னார். முதலில் கொஞ்சம் மௌனம். பிறகு, "உறங்கக்குள்ள நான் இப்பிடியா இரிக்கன்?" என்றார். அதற்குப் பிறகு, "கீழ பேர் போடு மகள். முழுப் பேரையும் போடு."

உம்மாவின் பெயரை, அவருடைய வாப்பாவின் பெயரோடு சேர்த்துப் படத்தின் கீழே எழுதினேன். எங்கள் ஊரின் பெயரையும் குவைத்தின் பெயரையும் எழுதினேன். உம்மாவுக்கு நான் கொடுத்த வாக்குப்படி அந்தப் பெயர் இந்தச் சஞ்சிகையில் வராது. படத்தையும் சுவரில் மாட்டவில்லை. உம்மம்மாவின் சொல்லுக்கு மாறாக நடக்க எனக்கு விருப்பமில்லை. அது ஒரு பழைய கோவைக்குள் இருக்கிறது. தம்பி சில இரவுகளில் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறான். உம்மம்மாவும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வருகிறார்.

ஹங் லியூ வாழ்நாள் முழுவதும் பெயர் தெரியாதவர்களை வரைந்தார். எனக்கு அவ்வளவு பெரிய வேலை வேண்டாம். பெயர் தெரிந்த ஒருவரை, அவர் விரும்பிய உடுப்பில், அவர் சொன்ன பெயரோடு வரைய முடிந்தது. அதில் ஒரு குறை மட்டும் உண்டு. கண்கள் மூடியிருக்கின்றன. உம்மாவின் ஒப்பந்தம் இன்னும் எட்டு மாதத்தில் முடிகிறது. இன்ஷா அல்லாஹ், வந்ததும் எங்கள் குசினி வாசற்படியில் உட்கார வைத்து அந்தக் கண்களை வரைய வேண்டும்.